நிழலைப் பார்த்துப் போட்ட பாதை

நடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனில் இருக்கும் பல்கலைக்கழக ஆர்போரீட்டத்துக்குச் சித்தப்பாவை அழைத்துப்போவது என்று முடிவானதும் நான் வரைபடத்தில் தேடியது வேறு இரண்டை: எங்கே நிழல், எங்கே பாதியில் கழன்றுகொள்ள வழி. அவருக்கு எழுபது நெருங்குகிறது. வலது முழங்கால் ஏற்றத்தில் ஒத்துழைக்கும், இறக்கத்தில் முரண்டுபிடிக்கும்.

ஆர்போரீட்டம் என்றால் மரங்களை வகைவகையாக வளர்த்துக் காட்டும் தோட்டம். இங்கே அதுவும் உண்டு. மே மாதம் லைலாக் பூக்கும்போது ஊரே அங்கேதான் இருக்கும். ஆனால் நான் போக நினைத்தது அந்தத் தோட்டத்துக்கு அப்பால். விங்ரா ஏரியின் தென்கரையில் சுமார் 1,200 ஏக்கரில் புல்வெளி, காடு, சதுப்பு மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. நடைபாதைகள் மொத்தம் 17 மைலுக்கு மேல். கட்டணம் கிடையாது. நாய்க்கு அனுமதி இல்லை. மண்பாதைகளில் சைக்கிளும் கூடாது. நடுவில் வளைந்து போகும் வண்டிச் சாலையின் ஓரமாக ஆங்காங்கே சின்னச் சின்ன வாகன நிறுத்தங்கள். முழங்கால் மக்கர் செய்தால் அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் போய் காரை எடுத்து வந்துவிடலாம். எளிய நடை என்று நான் சொல்வது இதைத்தான். சமதரையாக இருந்தும் திரும்பி வர ஒரே வழிதான் என்றால் அது எளிய நடை ஆகாது.

ஆகஸ்ட் கடைசி. வெயில் சென்னை அளவுக்குச் சுடாது என்றாலும் புல்வெளியில் ஒதுங்க ஓரிடம் கிடையாது. ஆகவே வரிசை தானாக அமைந்தது. காலையில் புல்வெளி, வெயில் ஏறியதும் காடு, கடைசியில் காட்டின் சரிவில் இருக்கும் ஊற்றுகளும் சதுப்பும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். காடு குளிர்ச்சியாக இருக்கிறது என்று காலையில் அங்கே நுழைவார்கள். இருட்டு கலையாத காட்டில் கொசு பிடுங்கித் தின்னும். பிறகு பதினொரு மணிக்குப் புல்வெளிக்கு வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வெறும் புல்தானே என்று திரும்பிவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பாதைகள் காலையிலேயே திறந்துவிடும். பார்வையாளர் மையம் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான் திறக்கும். கழிப்பறை அங்கே இருக்கிறது. புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி அந்த வாசலுக்கே வந்து சேரும்போது கதவு திறந்திருக்க வேண்டும் என்பதும் என் கணக்கில் இருந்தது. வயதானவர்களோடு நடக்கப் போகிறவர்கள் முதலில் போடவேண்டிய கணக்கு அதுதான்.

புறப்படும்போது உடுப்பில் தகராறு. சித்தப்பா வேட்டியும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றார்.

"வயக்காட்டுல செருப்பே இல்லாம நடந்தவன்டா நான்."

"அங்க உண்ணி மாட்டக் கடிக்கும் சித்தப்பா. இங்க மனுசன விடாது. இந்தப் பேன்ட்ட போட்டுக்கிட்டு சாக்ஸ மேல இழுத்து விட்டுக்குங்க."

மான் உண்ணி என்று இங்கே சொல்லப்படும் சிறு உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும். கால்சட்டையின் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்வதும், வீடு திரும்பியதும் இடுப்பு, அக்குள், முழங்காலின் பின்புறம் என்று தேடிப் பார்ப்பதும் இங்கே நடைக்குப் போகிறவர்களுக்குப் பல் துலக்குவது மாதிரி. வெளிர்நிற உடை போட்டால் ஊர்வது கண்ணில் படும். மூன்று மூன்று இலையாக வரும் பாய்சன் ஐவியைத் தொட்டால் அரிப்பு. காட்டு பார்ஸ்னிப்பின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம். பாதையை விட்டு விலகாதவரை இந்த இரண்டும் நம்மை ஒன்றும் செய்யாது. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே பேன்ட்டுக்கும் ஷூவுக்கும் மாறினார்.

புல்வெளிக்குள் நுழைந்த சில நிமிடங்களில் முழங்காலுக்குக் கீழே பேன்ட் நனைந்து ஒட்டியது. அவ்வளவு பனி. பாதை மட்டும்தான் வெட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் புல் தலைக்கு மேல். பிக் புளூஸ்டெம் என்ற புல் இது. கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் வான்கோழிக் கால் என்றும் ஒரு பெயர். ஆகஸ்ட் முடிகிற சமயம் அதன் தண்டு ஊதாவும் செம்பழுப்புமாக மாறத் தொடங்கும். இடையிடையே மஞ்சளாகப் பூத்த கோல்டன்ராட். தூரத்தில் கொக்கை விடப் பெரிய சாம்பல் பறவை இரண்டு, தலை மட்டும் தெரிய, நெடுக நடந்து போயின. சாண்ட்ஹில் நாரைகள். சித்தப்பா அவற்றைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் கண் புல்லில் இருந்தது.

"ஏன்டா, இவ்ளோ நல்ல மண்ண ஏன் தரிசாப் போட்டு வச்சிருக்காங்க?"

கடலூர்ப் பக்கத்தில் ஆயுள் முழுக்கக் கரும்பு போட்டவர் வேறு என்ன கேட்பார்? ஆனால் அந்தக் கேள்விக்கு இந்த இடத்தில் பதில் இருக்கிறது. இது தரிசு இல்லை. பயிர் நிலமாக இருந்ததைப் பிடுங்கிப் புல்லாக மாற்றியது.

விஸ்கான்சினில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வருவதற்கு முன் இருபது லட்சம் ஏக்கருக்கும் மேல் இப்படிப்பட்ட உயரப் புல்வெளி இருந்தது. பிரெய்ரி என்பார்கள். 1830-களில் எஃகுக் கலப்பை வந்தது. வேர் பின்னிக்கிடந்த அந்த மண்ணை அது கிழித்துப் போட்டது. பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாங்கள் நின்ற இடமும் உழப்பட்டு, மக்காச்சோளம் விளைந்து, பிறகு குதிரைகள் மேய்ந்த நிலம்தான். 1932-இல் பல்கலைக்கழகத்துக்காக நிலம் வாங்கத் தொடங்கினார்கள். 1934 ஜூன் 17 அன்று திறப்பு விழா. அதில் பேசியவர்களில் ஒருவர் இயற்கைப் பாதுகாப்பாளர் ஆல்டோ லியோபோல்ட். இந்த மாவட்டம் ஒரு காலத்தில் எப்படி இருந்ததோ அதன் ஒரு மாதிரித் துண்டை மீண்டும் உண்டாக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். நாட்டை ஆள்கிறவர்கள் பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் எழுந்து, நல்ல வயலைப் பழைய புல்லாக்குவோம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெருமந்தமே இதற்கு உதவியும் செய்தது. வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு அமைத்த சி.சி.சி. படையின் முகாம் ஒன்று 1935 முதல் 1941 வரை இதே வளாகத்தில் இருந்தது. தியடோர் ஸ்பெரி என்ற தாவரவியலாளர் மேற்பார்வை பார்க்க, அந்தப் பையன்கள் எஞ்சியிருந்த பழைய புல்வெளித் துண்டுகளிலிருந்து செடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து இங்கே கையால் நட்டார்கள். அமெரிக்க நடுப்பகுதி முழுக்க வறண்டு புழுதியாகப் பறந்த ஆண்டுகள் அவை. இப்படித் திட்டமிட்டு மீட்ட புல்வெளிகளில் உலகிலேயே மூத்தது இது என்கிறார்கள். இன்றைய பெயர் கர்டிஸ் புல்வெளி. பரப்பு எழுபது ஏக்கருக்குச் சற்று மேல்.

"நட்டாங்களா! புல்லையா?"

நாற்றங்கால், நடவு எல்லாம் தெரிந்த மனிதருக்கு மதிப்பு அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் வேகமாக நடக்கவில்லை. நானும் திட்டத்தில் புல்வெளிக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை மறந்துவிட்டேன்.

பாதை ஓரத்தில் ஆளுயரத்துக்கும் மேலே, சூரியகாந்தி இனத்து மஞ்சள் பூக்களைத் தாங்கிய ஒரு தண்டு நின்றது. கீழே அதன் இலைகள் ஆழமாகப் பிளவுபட்டு, செங்குத்தாக நிமிர்ந்து, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தாற்போல் இருந்தன. திசைகாட்டிச் செடி. இலையின் விளிம்புகள் வடக்கும் தெற்குமாக நிற்கும். பரப்பு கிழக்கும் மேற்கும் பார்க்கும். காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்கிக்கொள்ளும், உச்சி வெயில் விளிம்போடு வழுக்கிப் போய்விடும். நீர் வீணாகாது. சித்தப்பா சூரியனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினார்.

அதன் பங்காளி ஒன்று பக்கத்திலேயே இருந்தது: பிரெய்ரி டாக். தரையிலிருந்து நேரே எழும் முறம் போன்ற இலைகள், சொரசொரப்பு. "தொட்டுப் பாருங்க" என்றேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தும் இலை சில்லென்று இருந்தது. உள்ளங்கையை வைத்தார், பிறகு குனிந்து கன்னத்தையே வைத்துப் பார்த்தார். ஆணிவேர் மண்ணுக்குள் வெகு ஆழம் போய் அங்கிருந்து நீரை இழுத்து இலை வழியாக விடுகிறது. அந்தக் குளிர்ச்சிதான் இது. திசைகாட்டிச் செடியின் வேர் 10 அடிக்கு மேலும் இறங்கும். நாம் மேலே பார்ப்பதை விட அதிகம் கீழே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் தீயைப் பற்றிச் சொன்னேன். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் வசந்தத்தில், இந்தப் புல்வெளியின் பகுதிகளை வேண்டுமென்றே கொளுத்துகிறார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள், காற்று பார்த்து, எல்லை வெட்டிவைத்துத்தான். நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அவர் குறுக்கிட்டார்.

"கரும்பு வெட்டுன பொறவு தோகைக்கு வைக்கிறோமே, அது மாதிரியா? கட்டைக்கு ஒண்ணும் ஆவாது. மறுதாம்பு கிசுகிசுன்னு வரும்."

நான் தயாரித்து வைத்திருந்த விளக்கம் தேவைப்படவில்லை. பிரெய்ரிப் புல்லின் குருத்து மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எரிந்தால் அதற்கு நட்டமில்லை. காய்ந்த சருகு போய்விடும், கறுத்த தரை வெயிலில் சீக்கிரம் சூடேறும், துளிர் விரைந்து வரும். பாடு எல்லாம் வந்தேறிப் புல்லுக்குத்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த மேய்ச்சல் புல் குளிர் இருக்கும்போதே முளைத்துவிடும். வசந்தத் தீ அதன் தளிரைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறது. 1940-களில் ஜான் கர்டிஸ், மேக்ஸ் பார்ச் என்ற ஆய்வாளர்கள் இதே நிலத்தில் பாத்தி பாத்தியாகக் கொளுத்திப் பார்த்து, எதைக் கொளுத்தினால் எது பிழைக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். முடிவுகள் 1948-இல் வெளியாயின. நெருப்பு என்றாலே நாசம் என்று நினைத்த காலம் அது. இந்தப் புல்வெளிக்கு அந்தக் கர்டிஸின் பெயர்தான். ஆனால் ஆய்வாளர்களுக்கு முன்பே இந்த மண்ணின் ஹோ-சங்க் மக்களும் அவர்களுக்கு முந்தியவர்களும் தீ வைத்துத்தான் புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்தார்கள். தீயை நிறுத்தினால் சில பத்தாண்டுகளில் புதர் வரும், மரம் வரும், பிறகு காடுதான்.

புல்வெளியின் தெற்கு விளிம்பை நெருங்க நெருங்க இரைச்சல். பெல்ட்லைன் என்ற நகரச் சுற்றுச்சாலை வளாகத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, லாரிகள் உறுமுகின்றன. அதன் அடியில் ஒரு சுரங்க நடைபாதை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கிரீன் புல்வெளி. ஹென்றி கிரீன் என்ற தாவரவியலாளர் 1940-களில் தொடங்கிப் பெரும்பாலும் தன் ஒருவர் கையால் நட்டு உண்டாக்கியது. நேர்த்தியில் கர்டிஸை விட ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஆனாலும் அன்றைய வரைபடத்தில் அதை நான் அடித்துவிட்டிருந்தேன். அங்கே போய்த் திரும்பினால் காட்டுக்குத் தெம்பு இருக்காது. முதன்முறை வருகிறவர்கள் மூன்று வகை நிலத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் இதைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்.

பார்வையாளர் மையத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, காகித வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பாதைகள் பிரியும் இடங்களில் எழுத்தும் எண்ணும் பொறித்த கம்பங்கள் நிற்கின்றன. வரைபடத்திலும் அதே குறி. கைபேசியை விட இது நம்பகம். அடுத்த கம்பம் எது என்று சொல்லும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். முழங்காலைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

புல்லும் காடும் சேரும் விளிம்பில் பர் ஓக் மரங்கள். தீயைத் தாங்கும் மரம் இது. தக்கை போலத் தடித்த பட்டையில் விரல் முழுக்கப் புதைகிற அளவுக்கு வெடிப்பு. அதைத் தாண்டி கேலிஸ்டல் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகியது, வியர்வை ஆறியது. மணி பத்தரை. நான் திட்டமிட்டதில் சரியாக வாய்த்தது இந்த ஒரு கணம்தான் என்றாலும் போதும்.

காட்டுக்குள் தரை ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருந்தது. அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்போம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழங்குடியினர் மண்ணைக் குவித்து எழுப்பிய மேடுகள். இந்த வளாகத்தில் இரண்டு தொகுதிகள் உண்டு. சில பறவை வடிவில், சில நீண்ட வாலுடைய நீர்த்தெய்வ வடிவில், சில வெறும் கூம்பாக. இடுப்பளவு உயரம்கூட இல்லை. பலவற்றில் மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள். மேலே ஏறக் கூடாது. இந்த மேடுகளை எழுப்பியவர்களைத் தங்கள் முன்னோர் என்று ஹோ-சங்க் மக்கள் சொல்கிறார்கள். அந்த மக்களை 1832 ஒப்பந்தத்தில் இந்த நிலத்தை விட்டுக்கொடுக்க வைத்து, பிறகு படை வைத்து மீண்டும் மீண்டும் விரட்டினார்கள். அவர்களும் மீண்டும் மீண்டும் திரும்பி வந்தார்கள். சித்தப்பா மேட்டைச் சுற்றி, பாதையை விட்டு இறங்காமல், செருப்பைக் கழற்றலாமா என்பதுபோல் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார்.

சாலையைக் கடந்தால் விங்ரா காடு, ஏரியை நோக்கிச் சரிகிறது. இறக்கம். இங்கேதான் அவருக்கு ஒரு கழி ஒடித்துக் கொடுக்கலாம் என்று கை நீட்டினேன். இங்கே எதையும் ஒடிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வர, தோளைக் கொடுத்தேன். சரிவின் அடியில் தண்ணீர் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் தெரிந்தது. மண்ணுக்கடியிலிருந்து ஊற்று கொப்பளித்து, மணலைச் சிறு சிறு சுழலாகத் தூக்கிப் போட்டு, தெளிந்த ஓடையாக ஏரிக்குப் போகிறது. நிலத்தடி நீர் என்பதால் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். ஜனவரியில் ஏரி முழுதும் உறைந்து மக்கள் அதன் மேல் நடக்கும்போதும் இந்த ஓரம் மட்டும் உறையாது.

பலகை நடைபாதை ஒன்று சதுப்பின் மேல் போகிறது. இங்கே வளரும் ஸ்கங்க் கேபேஜ் குளிர்காலம் முடியும் முன்பே தன் உடம்பில் சூடு உண்டாக்கிப் பனியை உருக்கிக்கொண்டு பூக்கும் செடி. ஆகஸ்ட் கடைசியில் அது வாடிச் சரிந்து, கிழிந்த இலைகளாகக் கிடந்தது. கசக்கினால் நாற்றம் மட்டும் அப்படியே. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச்சில் வர வேண்டும். ஒரே நாளில் மூன்று நிலத்தையும் பார்க்கலாம். மூன்றையும் அதனதன் பருவத்தில் பார்க்க முடியாது.

சதுப்பில் வேறொன்றும் கண்ணை உறுத்தியது. ஒரே வகைப் புல் அடர்ந்து, வேறு எதற்கும் இடம் விடாமல் நின்றது. ரீட் கேனரி. வளாகத்தைச் சுற்றி நகரம்; ஒவ்வொரு மழைக்கும் கூரைகளிலும் சாலைகளிலும் வழிந்த நீர் வண்டலையும் உரச் சத்தையும் அடித்துக்கொண்டு இங்கேதான் வந்து இறங்குகிறது. அந்தச் சத்தைத் தின்று கொழுக்கிறது இந்தப் புல். புல்வெளிக்குத் தீ இருக்கிறது. இந்தச் சதுப்புக்கு நகரமே மனது வைத்தால்தான் உண்டு.

"மேல்மடைக்காரன் சரியில்லன்னா கீழ்மடைக்காரன் என்ன பண்ணுவான்" என்றார் சித்தப்பா.

காருக்குப் போகும் முன் ஷூவின் அடியைத் தேய்க்கப் பாதையின் முனையில் பிரஷ் பொருத்தி வைத்திருந்தார்கள். குதிக்கும் மண்புழு என்ற ஆசிய இனத்துக்காக. விஸ்கான்சினில் இது இருப்பது 2013-இல் முதன்முதலில் உறுதியானது இந்த வளாகத்தில்தான். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்த நமக்கு இது புரியச் சற்று நேரம் பிடிக்கும். பனியாறு மூடிக் கிடந்த இந்தப் பகுதிக் காடுகளுக்குச் சொந்தமான மண்புழுவே கிடையாது. சருகு மெல்ல மெல்ல மக்குவதை நம்பித்தான் விதைகளும் காட்டுப்பூக்களும் இருக்கின்றன. இந்தப் புழு அந்தச் சருகுப் படுக்கையை ஒரே கோடையில் தின்று மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். புழு பனியில் செத்தாலும் முட்டைக்கூடு தங்கும். ஷூவில் ஒட்டிய மண்ணோடு அடுத்த காட்டுக்கும் போகும். ஒன்றுக்கு இரண்டு தடவையாகத் தேய்த்தார் சித்தப்பா. என் ஷூவையும் காட்டச் சொன்னார்.

மொத்தம் நான்கு மைலை ஒட்டி நடந்திருப்போம். ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும் விலாஸ் பூங்காவுக்குக் காரில் போய், புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். உண்ணி தேடும் சடங்கு வீட்டில் என்று முடிவாகியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அவர் வரைபடத்தை மடியில் விரித்து, நான் பேனாவால் அடித்திருந்த கிரீன் புல்வெளியின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு எப்ப தீ வைப்பாங்க?"

"தேதி சொல்ல மாட்டாங்க சித்தப்பா. காத்தும் ஈரமும் ஒத்து வரணும். ஏப்ரல் வாக்குல. சில சமயம் நவம்பர்லயும்."

"என் டிக்கெட்டு எப்ப?"

"அக்டோபர் கடைசி."

"ஒரு மாசம் தள்ளிப் போட எவ்ளோ ஆவும்னு கேளு."

நான் விமான டிக்கெட் விலையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் ஊறுகாயைக் கேட்டார்.